கை அளவு நூல்

மங்கையர்க்கரசிக்குக் கோபம் வந்தால் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். யார் கோபத்துக்கும் தறி நிற்காது. முதலாளிக்குப் புடவை போயாக வேண்டும். ஆனால் அவள் கோபப்பட்ட ஒரு நாள், ஊர்ப் பெரிய மனிதர்கள் நிறைந்த கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அது உண்மை. அந்தக் கோபத்தால் அவள் கைக்கு எட்டிய வேலை வாய்க்கு எட்டாமல் போனதும் உண்மை.

அவள் உமாபதியின் மகள். உமாபதி, முதலாளி முனிரத்தினத்தின் கடைக்குக் கூலிக்குப் பட்டு நெய்பவர். தறியில் உட்காருவது அவர்தான். ஆனால் மனைவி தில்லையம்மாள் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றித் தராவிட்டால், தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்த இடத்தில் புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துத் தராவிட்டால், அந்தத் தறி ஒரு முழம்கூட நகராது. கூலி மட்டும் உமாபதி பேருக்கு வரும். இதற்கே ஒருத்தி நாள் முழுக்கக் கோபப்படலாம். மங்கை அப்போது வேறு நினைப்பில் இருந்தாள்.

அந்த நினைப்பு பேங்க். பேங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பட்டுக் கடைகள் இருக்கிற பெரிய தெருவில் புதிதாக ஒரு கிளை திறந்திருந்தார்கள். மங்கை படித்த பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வருடா வருடம் வேலை வழிகாட்டி வாரம் என்று ஒன்று நடக்கும். மற்ற வருடங்களில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நர்சம்மாக்களைக் காட்டுவார்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைக் காட்டுவார்கள். பெண்ணுக்கு அந்த இரண்டை விட்டால் வேறு வேலை ஏது என்ற எண்ணம். அந்த வருடம் யாருக்கோ புத்தி வந்து பேங்கைக் காட்டினார்கள்.

கம்பிக்கூண்டுக்குப் பின்னால் மெட்ராசிலிருந்து வந்த ஒரு பெண் குமாஸ்தா உட்கார்ந்திருந்தாள். கையில் கடிகாரம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு. அதில் விரலைத் தொட்டுத் தொட்டு நோட்டுகளை எண்ணினாள். வெளியே பட்டுக்கடை முதலாளிகள் ஆளுக்கொரு பித்தளை டோக்கனை வைத்துக்கொண்டு அவள் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். அந்த வரிசையில் முனிரத்தினமும் நின்றார். உமாபதி புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போனால் மத்தியானம் வரை வாசலில் நிற்க வைக்கிற அதே முனிரத்தினம். ஒரு பெண் அவரை நிற்க வைப்பதை மங்கை அன்றைக்குத்தான் பார்த்தாள். தான் என்ன ஆக வேண்டும் என்பது அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கிளை மேனேஜர் வேணுகோபால் நன்றாகப் பேசுவார். ஏழைகளிடம் பேங்க் போக வேண்டும் என்பது அரசாங்கத்தின் கொள்கை, அதற்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் மூளை வேண்டும் என்றார். நெசவாளர் வீட்டுப் பெண்களைப் பேங்குக்குள் கொண்டுவர ஒரு திட்டம் போடுங்கள், நன்றாகப் போட்டு நடத்திக் காட்டுகிறவளுக்குப் பள்ளி முடிந்ததும் என் கிளையிலேயே வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். மங்கையும், மாகறலில் இருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் அவள் தோழி கிருஷ்ணவேணியும் முன்னால் வந்து நின்றார்கள்.

திட்டம் நல்ல திட்டம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் சொல்லவில்லை. பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பெரிய தெரு வரை வரமாட்டார்கள். அதனால் வாரத்துக்கு ஒருநாள் பேங்க்தான் பிள்ளையார்பாளையத்துக்கு வரவேண்டும். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார வேண்டும். எழுதுகிற வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொருத்தியும் முடிந்ததை வாரா வாரம் போட்டுவர வேண்டியது. மேனேஜர் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் காசை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள் என்று மங்கை சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்திவிட்டு வியாழக்கிழமை என்று மாற்றிக்கொண்டார்.

அடுத்தது நோட்டீஸ். மங்கைக்கு முத்து முத்தான கையெழுத்து. தெருத்தெருவாக ஒட்டுவதற்குத் தானே எழுதினாள். அவள் முதலில் எழுதியது பேங்க் என்றுதான். பள்ளியில் தமிழ் நடத்தும் ஆசிரியையைப் பிள்ளைகள் தமிழம்மா என்று கூப்பிடுவார்கள். தமிழம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மசியால் ஓங்கி ஒரு கோடு போட்டார். தமிழ்நாட்டில் தமிழ்ப் பெண்களுக்கு எழுதும்போது இங்கிலீஷ் எதற்கு, அழகாக வங்கி என்று எழுது என்றார். அப்போது ஊரெல்லாம் பலகைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்த காலம். சரி என்று மங்கை மாற்றினாள். மாற்றியதும் வாக்கியம் இன்னும் எடுப்பாக வந்துவிட்டது.

"உழைக்கும் ஒவ்வொரு கைக்கும் வங்கி. வியாழக்கிழமை தோறும் மண்டபத்தில்."

கீழே மடக்கிய கை ஒன்றையும் வரைந்தாள். மேனேஜர் பார்த்து மிகவும் மெச்சி அடியில் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை முத்திரை குத்தினார். இத்தனை படித்தவர்கள் பார்த்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பேங்குக்குப் பேர் பேங்கு. வங்கி என்றால் கல்யாணப் பெண் மேல்கையில் பூட்டிக்கொள்கிற நகை. அம்மன் அலங்காரத்தில் பார்ப்பது அது. புடவைக் கரையில் நெளிநெளியாக ஓடுகிற ஒரு வேலைப்பாட்டுக்கும் அதே பேர்தான். மங்கையும் அந்தத் தெருவில் பிறந்தவள்தான். ஆனால் பதினோரு வருடம் பள்ளிக்கூடம் போனால் ஒரு தலைக்குள் இரண்டு தமிழ் வந்துவிடுகிறது. ஒன்று எழுதும்போது இன்னொன்று தூங்குகிறது.

அந்த நகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூலிக்கு நெய்கிறவர் வீடுகளில் எவரிடமும் சொந்த வங்கி கிடையாது. கல்யாணம் என்றால் முதலாளி வீட்டில் இரவல் கேட்பார்கள். முனிரத்தினத்தின் மனைவி காமாட்சியம்மாள் இல்லை என்று சொன்னதே இல்லை, அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. ஆனால் வங்கியைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருக்கமாட்டாள். கல்யாணத்துக்கு அவளே வந்து முன்வரிசையில் உட்காருவாள். தாலி ஏறியதும் எழுந்து மணவறைக்குப் போவாள். பந்தி போடுவதற்குள் பெண் கையிலிருந்து வங்கியைக் கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொள்வாள். சாப்பிடும்போது எண்ணெய் பட்டுவிடுமாம். எண்ணெய் பட்டால் வங்கிக்கு என்ன ஆகிவிடும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் எத்தனையோ பேர் கல்யாணச் சாப்பாட்டை வெறுங்கையோடு சாப்பிட்டவர்கள். தில்லையம்மாளும் அப்படித்தான் சாப்பிட்டாள்.

இப்போது அந்த நோட்டீஸை அவர்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

தெரு முழுக்க அதே பேச்சு. மங்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தில்லையம்மாள் ராட்டையை நிறுத்தாமலே விசாரித்தாள்.

"ஏம்மா, வங்கின்னு போட்டுக்கீறீங்களாமே. அத்தக் கைல வாங்கறதுக்கு எத்தினி நாளு ஆவும்?"

"வாரா வாரம் முடிஞ்சதப் போட்டுக்கினு வந்தா, வருசக் கடைசில மொத்தமா கைக்கு வரும்மா."

"கெட்டியா இருக்குமா? சீட்டுக்காரன் மாதிரி ஏமாத்திட்டுப் போயிட மாட்டாங்களே?"

"கவர்மென்ட்டே நடத்துதும்மா. கெட்டிதான்."

"எனக்குங்கூட உண்டா?"

"உழைக்கிற எல்லாருக்கும் உண்டும்மா. உனக்கு இல்லாமலா?"

தில்லையம்மாள் ராட்டையை நிறுத்தினாள். மகள் தனக்குச் செய்து தருகிற முதல் நல்ல காரியம் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாளாம். மங்கை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அம்மா கேட்டதில் ஒரு கேள்வியும் தப்பு இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து, இரண்டு வேறு பொருளைப் பற்றி, அப்படி ஒற்றுமையாகப் பேசி முடித்தார்கள்.

வியாழக்கிழமை மண்டபம் கொள்ளவில்லை. காரில் வந்து இறங்கிய வேணுகோபாலுக்கு வாயெல்லாம் பல். முதல் நாளே இத்தனை பெண்களா என்று கிருஷ்ணவேணியின் தோளைத் தட்டினார். கூட வந்த குமாஸ்தா மேஜையில் பேனாவையும் டோக்கன்களையும் எடுத்து வைத்தான். திட்டம் போட்டவளின் அம்மா என்று தில்லையம்மாளை எல்லோரும் முன்னால் தள்ளினார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை மேஜையில் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு நூலையும் வைத்தாள். அரக்குச் சிவப்புப் பட்டு நூல். இரண்டு முனையிலும் முடிச்சு.

இது என்ன என்று மேனேஜர் கேட்டார்.

"என் கை அளவு," என்றாள் தில்லையம்மாள்.

நகை செய்யக் கொடுக்கிறவர்கள் ஆசாரியிடம் அப்படித்தான் கொடுப்பார்கள். மேல்கையைச் சுற்றி நூலைப் பிடித்து, பொருந்துகிற இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் ஆசாரி அந்த அளவுக்குச் செய்வார். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லோர் கையிலும் நூல் இருந்தது. அவரவர் தறியில் அன்றைக்கு ஓடிய நிறம். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம். எல்லோர் முந்தானையிலும் காசு முடிச்சும் இருந்தது. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

விஷயம் புரிந்ததும் குமாஸ்தா சிரித்தான். மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நூலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குமாஸ்தாவிடம் காட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இங்கே நகை செய்து தருவதில்லையம்மா, இது பேங்க், கவர்மென்ட் என்றால் எல்லாவற்றையும் இனாமாகக் கொடுத்துவிடும் என்று நினைத்துவிட்டீர்களா என்றார். இனாம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அவர் முன்னால் மேஜையில் தில்லையம்மாளின் காசு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அப்படிக் கேட்டார்.

தில்லையம்மாள் காசை எடுத்து முடிந்துகொண்டாள். நூலை எடுத்துக்கொண்டாள். மண்டபத்தைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மங்கை நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி மேஜைக்குப் பின்னால் நின்றாள். தான் சிரித்தவர்கள் பக்கத்தில் நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டில் அம்மா பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். மங்கை பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என் மேல்தான் என்று அழுதாள்.

"உம்மேல கோவமில்ல," என்றாள் தில்லையம்மாள். "புரியலன்னா கேட்டிருக்கலாம். சிரிச்சாங்களே."

மறுபடி இழையைப் பிணைக்கத் தொடங்கினாள். அவள் கத்தியிருந்தால் மங்கைக்கு ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலமே பெரிய தெருப் பட்டுக் கடைகளில் கதை பரவிவிட்டது. நெசவுக்காரிகள் கவர்மென்ட்டிடம் நகை கேட்கப் போனார்களாம் என்று ஆளாளுக்குக் கை கால் வைத்துச் சொன்னார்கள். கோயிலில் காமாட்சியம்மாள் தில்லையம்மாளை நிறுத்தி, வங்கி வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே, இரவல் தரமாட்டேனா என்றாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தில்லையம்மாள் அதற்கப்புறம் கோயிலுக்கு வேறு நேரத்தில் போக ஆரம்பித்தாள். ஒருத்தி சாமி கும்பிடுவதற்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்க்க வேண்டும் என்றால், அந்தச் சிரிப்பு எத்தனை தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

பள்ளியின் பரிசளிப்பு விழா வந்தது. பள்ளிக்கு நன்கொடை தருகிறவர் என்பதால் முனிரத்தினம் தலைமை. வேணுகோபால் சிறப்பு விருந்தினர். வேலை வழிகாட்டி வாரத்தைப் பற்றி மங்கை மேடையில் அறிக்கை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் சிபாரிசு யாருக்கு என்று மேனேஜர் அறிவிப்பார். மங்கைக்குத்தான் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம் என்று தலைமையாசிரியையே அவள் காதில் போட்டிருந்தார். அறிக்கையையும் அவரே திருத்திக் கொடுத்தார். அதில் மங்கை எழுதாத ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது. கல்வியறிவு இல்லாத காரணத்தால் நெசவாளர் குலப் பெண்கள் வங்கியை இலவச நகை என்று எண்ணி ஏமாந்தது நகைப்புக்குரியதாயினும், இத்திட்டம் அவர்களின் அறியாமையை வெளிப்படுத்த உதவியது.

இதை எடுத்துவிடலாமா என்று மங்கை கேட்டாள். மேனேஜருக்கு அந்தச் சம்பவம் மிகவும் பிடித்திருக்கிறது, அவரே சேர்க்கச் சொன்னார் என்றார் தலைமையாசிரியை. வேலை வேண்டுமானால் ஒரு வாக்கியத்தை வாசிப்பதில் என்ன குறைந்துவிடும் என்றும் கேட்டார். தமிழம்மா அந்த அறையில்தான் இருந்தார். சிவப்பு மசிப் பேனா அவர் முன்னால் மேஜையில் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் உமாபதி, வாயை மூடிக்கொண்டு வாசித்துவிட்டு வா என்றார். அவர் பயம் அவருக்கு. மேடையில் உட்காரப்போகிறவர் அவருக்குப் பாவு கொடுக்கிறவர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு எப்படி வாசிப்பது என்று மங்கை கேட்டபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விழாவுக்குத் தாய்மார்கள் வந்திருந்தார்கள். தில்லையம்மாளும் கடைசி வரிசையில் இருந்தாள். முன்வரிசையில் காமாட்சியம்மாள். மங்கை வாசிக்கத் தொடங்கினாள். பேங்க், டோக்கன், ஈரப் பஞ்சு, வியாழக்கிழமை எல்லாம் சரியாக வந்தது. அந்த வாக்கியம் வந்தது. கல்வியறிவு இல்லாத காரணத்தால் என்று தொடங்கினாள். அடுத்தது என்ன என்று தெரிந்தவர்கள் அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேடையில் முனிரத்தினம் தொந்தி குலுங்கச் சிரித்தார். கடைசி வரிசையில் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தில்லையம்மாளும் குனிந்தாள். மங்கை அதைப் பார்த்தாள்.

தாளை மடித்தாள். எழுதிய தமிழை விட்டுவிட்டுத் தெருவில் பேசுகிற தமிழிலேயே பேசினாள்.

"வங்கின்னு எழுதினது நானு. எங்க தெருவுல வங்கின்னா கைல போடறது. நான் இன்னா எழுதினேனோ அத்தத்தான் அவங்க படிச்சாங்க. சரியாப் படிச்சாங்க. மேனேஜர் சாரும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் யாருக்குக் கல்வியறிவு இல்லன்றது?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தலைமையாசிரியை எழுந்து நின்று, போதும் வா என்று கையைக் காட்டினார்.

"இலவசமா கேட்டாங்கன்னு இதுல போட்டுக்கீது. ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் காசோட வந்தாங்க. அந்தக் காச சார் பாக்கல, நூலத்தான் பாத்தாரு." அவள் கடைசி வரிசையைக் கையால் காட்டினாள். "எங்கம்மா கல்யாணத்துல எல போடறதுக்கு முன்னாடி, நாலு பேர் பாக்கற எடத்துல, கைய நீட்டி வங்கியக் கழட்டிக் குடுத்தவங்க. இங்க பின்னால குந்திக்கினு இருக்கிற எல்லாரும் அப்படிக் குடுத்தவங்கதான். அவங்க அளவு நூல் கொண்டாந்தா இன்னா சிரிப்பு உங்களுக்கு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. காமாட்சியம்மாள் விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். மங்கை தாளைத் தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். கைதட்டவும் யாரும் இல்லை. கடைசி வரிசையில் தில்லையம்மாள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சிபாரிசு கிருஷ்ணவேணிக்குப் போனது. அவளைக் குறை சொல்ல முடியாது; அவள் வீட்டில் அவளுக்குக் கீழே நான்கு பெண்கள். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள், வேலைக்கும் போனாள். முனிரத்தினம் உமாபதிக்குப் பாவு தருவதை நிறுத்தினார். உமாபதி மகளைத் திட்டினார், வேறு முதலாளியைத் தேடிக்கொண்டார், பிறகு மறந்துவிட்டார். மங்கை நல்ல மார்க்கில் தேறினாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எந்தக் கதவையும் திறக்கவில்லை. மண்டபத்தில் மேஜையும் இல்லை. பேங்குக்காரர்கள் ஒரே வியாழக்கிழமையோடு போனவர்கள்தான். பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்குச் சேமிக்கிற பழக்கம் இல்லை என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார்களாம்.

அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு மங்கை சாப்பிடவில்லை. தறிக் குழி ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். திட்டம் நல்ல திட்டம். நாள் சரி, இடம் சரி, வாரா வாரம் போடுவதும் சரி. இல்லாதது பேங்க் மட்டும்தான். அது இல்லாமல் நடத்தினால் என்ன?

அடுத்த வியாழக்கிழமை மண்டபத்தில் ஒரு பாயைப் போட்டு அவளே உட்கார்ந்தாள். முதலில் யாரும் வரவில்லை. ஒருமுறை சிரிப்புக்கு ஆளானது போதும் என்றார்கள். தில்லையம்மாள்தான் வந்தாள். அதே சிவப்பு நூலைப் பாயில் வைத்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். சுத்தத் தங்கத்துக்கு இந்த ஜென்மம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆசாரி குமாரவேலிடம் பேசி, வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசுவது என்று முடிவு செய்தார்கள். எந்த வீட்டில் கல்யாணம் வருகிறதோ அந்த வீட்டுக்கு முதலில். முலாம் வங்கிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று காமாட்சியம்மாள் சொல்லி அனுப்பினாள். அவங்க கடைப் புடவையில ஓடற ஜரிகையும் வெள்ளி மேல முலாம்தான், அதுக்கு மட்டும் தங்க ஜரிகைன்னு பேர் வெச்சு விக்கறாங்களே என்று மங்கை பதில் சொல்லி அனுப்பினாள்.

வருடம் ஓடியது. தெருவில் ஒவ்வொரு பெண்ணாகச் சொந்த வங்கியோடு மணவறையில் உட்கார்ந்தாள். அதே வங்கியோடு பந்தியிலும் உட்கார்ந்தாள். காமாட்சியம்மாளுக்கு இப்போதும் எல்லாக் கல்யாணத்துக்கும் அழைப்புப் போகும். முன்வரிசையில் உட்கார்ந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், சாப்பிட்டுவிட்டுப் போவாள். தில்லையம்மாள் தன் முறையைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில்தான் வாங்கினாள். பூட்டியது பூட்டியதுதான், கழற்றவே இல்லை. தார் சுற்றும்போதும் கையில் இருக்கும், சோறு வடிக்கும்போதும் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் ஒருதரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். முலாம் போய்விடும் கழற்றி வை என்று உமாபதி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

மங்கைக்கு அந்த வேலையே வாழ்க்கையாகிப் போனது. வங்கிக்குப் பிறகு பிள்ளைகளின் படிப்புக்கு, தறி மாற்றுவதற்கு, பிரசவத்துக்கு என்று வியாழக்கிழமைப் பாய் விரிந்துகொண்டே போனது. ஊரில் அவளுக்கு வங்கிக்காரம்மா என்று பேர். கம்பிக்கூண்டும் டோக்கனும் கனவில் வருவதுண்டு என்று ஒருமுறை கிருஷ்ணவேணியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த மனக்குறை இல்லை என்று சொன்னால் அது பொய்.

வேணுகோபால் பதவி உயர்வில் போய்விட்டார். அவருக்குப் பின் இரண்டு பேர் வந்து போனார்கள். மூன்றாவதாக வந்த இளைய மேனேஜருக்கு, இந்த வட்டாரத்தில் பெண்களின் சேமிப்பைப் பிடித்துக் காட்டு என்று மேலிடத்திலிருந்து நெருக்கடி. யாரோ மங்கையின் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை அவர் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். பாயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி, நல்ல தமிழில், "வணக்கம்மா, நான் வங்கியிலிருந்து வர்றேன்," என்றார்.

தூணோரம் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த தில்லையம்மாள் ராட்டையை நிறுத்தினாள். வங்கி பூட்டிய கையை நீட்டினாள்.

"வாங்க சார், குந்துங்க. அளவு நூல் கொண்டாந்திருக்கீங்களா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மங்கையும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. மேனேஜர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை.